முப்பத்தோராம் பக்கத்துப் படம்

முனிலட்சுமி: …இல்ல சார், நாலு பக்கம் தாண்டிட்டேன். இன்னும் வணக்கமே முடியலையே.

பிரதாப்: அது கையேட்டோட முன்னுரைங்க. கம்பெனியைப் பத்தி, சாஃப்ட்வேரைப் பத்தி ரெண்டு வார்த்தை…

முனிலட்சுமி: ரெண்டு வார்த்தையா? கல்யாணப் பத்திரிகையில கூட மூணாவது வரியில மாப்பிள்ளை பேரு வந்துடும். இதுல டேப்லெட்டை எங்க அழுத்தினா ஆன் ஆகும்ங்கறதே ஆறாம் பக்கத்துலதான் வருது.

பிரதாப்: சரி, எழுதிக்கிடுதேன். முன்னுரை… குறைக்கணும்.

முனிலட்சுமி: குறைக்கறது இல்ல. எடுத்துடுங்க.

பிரதாப்: வெங்கட் சார் விட மாட்டாரு. எங்க மேனேஜர். அந்த நாலு பக்கமும் அவரே உட்காந்து எழுதினது.

முனிலட்சுமி: அப்போ கடைசியில கொண்டு போய் வைங்க. அங்க யாரும் பாக்க மாட்டாங்க, அவுருக்கும் மனசு நோவாது.

பிரதாப்: இது நல்ல யோசனை. டீயைக் குடிங்க, ஆறிரப் போகுது. பஸ் எத்தனை மணிக்கு?

முனிலட்சுமி: மூணரைக்கு. பாகலூர் வண்டி. அதை விட்டா ஆறு மணி ஷிப்ட் வண்டிதான். இப்போ ரெண்டரை. ஒரு மணி நேரத்துல நாப்பது பக்கம்… பாக்கலாம். எந்த ஊரு சார் நீங்க, எழுதுதேன், கிழுதுதேன்ங்கறீங்க?

பிரதாப்: கோவில்பட்டி. இங்க வந்து ஆறு மாசம் ஆச்சு. பேச்சு மட்டும் இன்னும் வந்து சேரல.

முனிலட்சுமி: வராது சார். ஓசூருக்கு வந்தவங்க எல்லாம் அவங்கவங்க ஊரு பேச்சோடதான் சுத்தறாங்க. சரி, நான் என்ன சொல்லணும்னு கூப்பிட்டீங்க?

பிரதாப்: புரியுதா, புரியலையா. அது போதும். நான் ஆபீஸ்ல உட்காந்து கையேடு எழுதுற ஆளு. எங்க சாஃப்ட்வேரை வெச்சு ஃபேக்டரி லைன்ல நின்னு வேலை பாக்குறது நீங்க. அதான் புதுப் பதிப்பு அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு ஆபரேட்டர் பாத்துக் குறை சொல்லட்டும்னு உங்க எச்.ஆர்.கிட்ட கேட்டேன்.

முனிலட்சுமி: நான் ஒருத்திதான் வந்திருக்கேன்.

பிரதாப்: சுமலதான்னு இன்னொரு பேரும் கொடுத்தாங்களே.

முனிலட்சுமி: அவ வர மாட்டா. அந்தப் புக்கைப் பத்தி வாயைத் தொறந்தா நம்மளையும் எல்லப்பன் மாதிரி வெளியில நிக்க வெச்சுடுவாங்கன்னு பயம். எல்லப்பனைத் தெரியும் இல்ல?

பிரதாப்: கேள்விப்பட்டேன். அடுத்த பக்கம் போவோமா?

முனிலட்சுமி: போலாம். இந்தப் படத்துல இருக்கிற கை யாருது?

பிரதாப்: என் கைதான். ஏன்?

முனிலட்சுமி: அதான் பாத்தேன். நகத்துல எண்ணெயே இல்ல. கிளவுஸும் இல்ல. கிளவுஸ் போட்டுனு தொட்டா உங்க டேப்லெட் நகராது சார்.

பிரதாப்: அப்போ எப்படித் தொடுறீங்க?

முனிலட்சுமி: ஆள்காட்டி விரல் நுனியை மட்டும் வெட்டிட்டோம். லைன் பூரா அப்படித்தான். சேஃப்டி ஆபீசர் வந்தா விரலை மடக்கிக்குவோம்.

பிரதாப்: இதைக் கையேட்டுல போடலாமா?

முனிலட்சுமி: போடுங்க. அடுத்த விசாரணை எனக்குத்தான்.

பிரதாப்: போடல, போடல. ஆனா கிளவுஸோட தொட்டா வேலை செய்யணும்னு எங்க ஆளுங்ககிட்ட சொல்லுதேன். அது எங்க தப்பு. நாங்க யோசிச்சிருக்கணும்.

முனிலட்சுமி: எங்க தப்புன்னு உங்க கம்பெனில ஒருத்தர் சொல்லி இப்பதான் சார் கேக்கறேன்.

பிரதாப்: …ஒன்பதாம் பக்கம்.

முனிலட்சுமி: ஒம்போது. "நிறுத்தி வை என்ற பொத்தானை அழுத்தவும்." அப்படி ஒரு பொத்தானே இல்ல.

பிரதாப்: இருக்கே, மஞ்சளா…

முனிலட்சுமி: மஞ்சளா இருக்கிறதுல இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. சுமலதா இந்த நிறுத்தி வையை ஒரு நாள் காலையில இருந்து டீ டைம் வரைக்கும் தேடினா.

பிரதாப்: தமிழ்ல இருக்கட்டும்னுதான் அப்படி எழுதினேன்.

முனிலட்சுமி: தமிழ் வேணாம்னு சொல்லல. எங்க லைன்ல பாதிப் பேரு வீட்ல தெலுங்கு, மீதிப் பேரு வீட்ல கன்னடம். எங்க வீட்லயே அம்மா ஒண்ணு பேசும், வீட்டுக்காரரு ஒண்ணு பேசுவாரு. எல்லாருக்கும் பொதுவா தெரியறது கலர்தான். மஞ்சள் பட்டன், சிவப்பு பட்டன்னு போடுங்க. யாரும் தேட மாட்டாங்க.

பிரதாப்: மூணு மாசமா இது எனக்குத் தோணல பாருங்க.

முனிலட்சுமி: நீங்க தேடலையே, அதான். அப்புறம் இது. "உங்கள் மேற்பார்வையாளரைத் தொடர்பு கொள்ளவும்." எத்தினி எடத்துல வருதுன்னு எண்ணிப் பாத்தீங்களா?

பிரதாப்: இல்ல.

முனிலட்சுமி: பதினொண்ணு. போனை கேட்லயே வாங்கி வெச்சுக்கறாங்க. சூப்பர்வைசர் ராஜப்பன் சார் ரெண்டு ஷெட் தள்ளி இருப்பாரு. நடந்து போய் கூட்டிக்கினு வர்றதுக்குள்ள லைன் நின்னு மேல சிவப்பு லைட் எரிய ஆரம்பிச்சுடும். எப்படித் தொடர்பு கொள்றது, கை தட்டியா?

பிரதாப்: பின்னே ஒரு சந்தேகம் வந்தா என்ன செய்வீங்க?

முனிலட்சுமி: பக்கத்து மிஷினை எட்டிப் பாப்போம். அவங்க என்ன செய்யறாங்களோ அதான். நான் அப்படித்தான் கத்துக்கினேன், எனக்குக் கத்துக் கொடுத்த கெம்பம்மாவும் அப்படித்தான். உங்க புக்கை நாங்க யாரும் முழுசா… கோவிச்சுக்காதீங்க சார்.

பிரதாப்: படிக்கல.

முனிலட்சுமி: சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில வைக்க நல்லா இருந்துச்சு. வழவழன்னு அட்டை. எண்ணெய் ஊறாது.

பிரதாப்: நாப்பது காப்பி அடிச்சோம்.

முனிலட்சுமி: ஒருத்தரு படிச்சாரு. மொதல்ல இருந்து கடைசி வரைக்கும்.

பிரதாப்: யாரு?

முனிலட்சுமி: எல்லப்பன். அஞ்செட்டி பக்கத்து ஆளு. ஒம்போது வருஷமா பேக்கிங்ல கான்ட்ராக்ட். போன மாசம்தான் மூணாம் லைனுக்கு மாத்தினாங்க. நாப்பத்தி நாலு வயசுல பத்தாவது எழுதிப் பாஸ் பண்ணவரு சார். வர்ற வழி பூரா பஸ்ல உங்க புக்கைத்தான் படிச்சுக்கினு வருவாரு. எங்களை எல்லாம் கிண்டல் பண்ணுவாரு. ஒருத்தரு உட்காந்து எழுதி வெச்சிருக்கும்போது பக்கத்து மிஷினை ஏன் எட்டிப் பாக்கறீங்கம்பாரு.

பிரதாப்: அப்படியா சொன்னாரு?

முனிலட்சுமி: தினமும். முன்னுரையைக் கூடப் படிச்சாரு. வெங்கட் சார்கிட்ட சொல்லுங்க, சந்தோஷப்படுவாரு.

பிரதாப்: அவர் மேல என்ன புகார்னு… உங்களுக்கு எவ்வளவு தெரியும்?

முனிலட்சுமி: கேன்டீன் பூனைக்குக் கூடத் தெரியும். பெட்டி ரொம்பறதுக்குள்ள மிஷின் நின்னுடுச்சு. அப்படி நின்னா மொதல்ல பெட்டிக்கான டேக்கு சீட்டை ஸ்கேன் பண்ணணும், அப்புறம்தான் சிவப்பு பட்டனை அழுத்திப் பெட்டியை மூடணும். இவுரு மூடிட்டு ஸ்கேன் பண்ணிட்டாரு. ஸ்கேன் இல்லாம மூடினா டேப்லெட் அதைச் சரிபார்த்த பெட்டின்னு எடுத்துக்கும், அதனால சரிபார்த்ததுக்கு ஒட்டற பச்சை டேக்கு, சரிபார்க்காத பெட்டிக்குப் போயிடுச்சு. இப்படியே மூணு பெட்டி பிரேக் லிவர் புனேக்குப் போயிடுச்சு. வண்டியில மாட்டறதுக்குள்ள அங்க கண்டுபிடிச்சுத் திருப்பி அனுப்பினாங்க. இல்லேன்னா யாரு உயிருக்கு என்ன ஆயிருக்குமோ.

பிரதாப்: ஆமா.

முனிலட்சுமி: பதினஞ்சு நாளா சஸ்பெண்டு. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு விசாரணை. வேலை போயிடும்னுதான் எல்லாரும் பேசிக்கறாங்க.

பிரதாப்: அவர் என்ன சொல்றாரு?

முனிலட்சுமி: புக்குல இருந்தபடிதான் செஞ்சேன்ங்கறாரு. அது ஒண்ணுதான் சொல்றாரு. புக்கைக் காட்டுன்னா புக்கு எங்க இருக்கு? நாப்பது காப்பியையும் புதுசு வருதுன்னு சொல்லி வெங்கட் சார் வாரிக்கினு போயிட்டாரு. டேப்லெட்டுக்குள்ள இருந்ததையும் எடுத்துட்டாங்க.

பிரதாப்: நீங்க அவருக்குப் பக்கத்து மிஷின்னு எச்.ஆர்.ல சொன்னாங்களே? நீங்க பாக்கலையா?

முனிலட்சுமி: நான்… என் வேலையைப் பாத்துனு இருந்தேன் சார். எத்தினாம் பக்கத்துல விட்டோம்?

பிரதாப்: இருபத்திரண்டு. இருங்க, போன் அடிக்குது… சொல்லுங்க வெங்கட் சார்… ஆமா சார், கேன்டீன்லதான் இருக்கேன். ஒரு ஆபரேட்டர் வந்திருக்காங்க… நல்லாவே சொல்லுதாங்க சார்… நாலு மணிக்கா? அனுப்பிருதேன்… அந்தப் பக்கம்… தெரியும் சார், நீங்க சொன்னீங்க… இல்ல சார், ஒண்ணும் எழுதல. அப்படியேதான் இருக்கு… சரி சார்.

முனிலட்சுமி: நாலு மணிக்குள்ள வேணுமா?

பிரதாப்: நாளைக்கு விசாரணையில வைக்கணுமாம். சரியான முறை இதுதான்னு காட்டுறதுக்கு.

முனிலட்சுமி: இந்தப் புதுசையா?

பிரதாப்: ஆமா. …இந்த இருபத்திரண்டாம் பக்கம் எப்படி இருக்கு?

முனிலட்சுமி: இது நல்லா இருக்கு சார். பொய் சொல்லல. டேக்கு படத்தைப் பெருசாப் போட்டு, எந்த நம்பர் எதுக்குன்னு அம்பு போட்டுக் காட்டியிருக்கீங்க. இதைக் கிழிச்சு மிஷின்ல ஒட்டிடலாம். இது போல எல்லாப் பக்கமும் இருந்தா சுமலதா கூடப் படிப்பா.

பிரதாப்: நிஜமாவா?

முனிலட்சுமி: படம் பாப்பா. அதே பெருசு.

பிரதாப்: இதை மூணு நாள் உட்காந்து வரைஞ்சேன். வெங்கட் சார் என்னடா இது ஸ்கூல் பாடப் புத்தகம் மாதிரி இருக்குன்னாரு.

முனிலட்சுமி: ஸ்கூல் புக்குன்னா கேவலமா? …சரி, இது இருபத்தி எட்டு, இது எங்களுக்கு வேணாம், இது ஸ்டோர்ஸ்காரங்களுக்கு. முப்பது. முப்பத்தி ஒண்ணு. "பெட்டி நிறைவதற்கு முன் இயந்திரம் நின்றால்." சார், ஒரு நாளைக்கு நாலு தரம் எங்களுக்கு வர்றது இதான். இதைக் கொண்டு போய் முப்பத்தோராம் பக்கத்துல ஒளிச்சு வெச்சிருக்கீங்களே.

பிரதாப்: சரி. முதல் பக்கத்துக்குக் கொண்டு வந்திருதேன். எழுதிக்கிட்டேன். …முப்பத்திரண்டு?

முனிலட்சுமி: இருங்க. ஓட்டாதீங்க.

பிரதாப்: உங்க பஸ்ஸு…

முனிலட்சுமி: பஸ்ஸுக்கு இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. நான் எழுத்தை மெதுவாத்தான் படிப்பேன் சார், படத்தைச் சீக்கிரம் பாத்துடுவேன். "நான்கு. டேக்கை ஸ்கேன் செய்யவும். ஐந்து. பெட்டியை மூடவும்." சரியா இருக்கு.

பிரதாப்: சரியாத்தான் இருக்கு.

முனிலட்சுமி: ஆனா படத்துல மொதல்ல பெட்டியை மூடறாங்க.

பிரதாப்: …எங்க?

முனிலட்சுமி: இந்தா. நாலுன்னு நம்பர் போட்ட படத்துல உங்க கை சிவப்பு பட்டன் மேல இருக்கு. அஞ்சுன்னு போட்ட படத்துலதான் டேக்கைக் காட்டறீங்க. எழுத்து ஒண்ணு சொல்லுது, படம் ஒண்ணு சொல்லுது. எது சரி?

பிரதாப்: எழுத்துதான் சரி.

முனிலட்சுமி: அப்போ படம் ஏன் இப்படி?

பிரதாப்: படத்தை… மாத்த மறந்துட்டேன்.

முனிலட்சுமி: படத்தை மாத்த மறந்துட்டீங்க.

பிரதாப்: ஆமா.

முனிலட்சுமி: அப்போ எழுத்தை மட்டும் மாத்தினீங்க. சார், நான் பன்னெண்டாவதோட நின்னவ. ஆனா இது எனக்குப் புரியுது. பழைய புக்குல எழுத்தும் இந்தப் படம் போலத்தான் இருந்துச்சா?

பிரதாப்: …இருந்துச்சு.

முனிலட்சுமி: மூடிட்டு ஸ்கேன் பண்ணுன்னு.

பிரதாப்: ஆமா. நான்தான் எழுதினேன். எல்லப்பன் சொல்றது நிஜம்.

முனிலட்சுமி: எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?

பிரதாப்: புனேல இருந்து பெட்டி திரும்பி வந்த மறுநாள். என்ன ஆச்சுன்னு எங்க ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. போய்ப் பழைய ஃபைலை எடுத்துப் பாத்தேன். நாலும் அஞ்சும் மாறிக் கிடந்துச்சு. எங்க ஆபீஸ் டெமோவுல எதை முதல்ல செஞ்சாலும் ஒண்ணுதான். அங்க பெட்டியே கிடையாதே. லைனுக்கு வந்து ஒரு தடவை பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

முனிலட்சுமி: வந்திருக்கலாமே.

பிரதாப்: சேஃப்டி ஷூ போட்டாத்தான் உள்ள விடுவோம்னாங்க. என் அளவு இல்ல, அடுத்த வாரம் வாங்கன்னாங்க. அடுத்த வாரம் நான் போகல. அவ்வளவுதான். அதுக்கு மேல சொல்றதுக்கு ஒரு காரணமும் இல்ல.

முனிலட்சுமி: ஒரு ஷூவுக்காகவா சார்?

பிரதாப்: ஆமா.

முனிலட்சுமி: அந்த மனுசன் பதினஞ்சு நாளா கேட்டுக்கு வெளியில டீக்கடை பெஞ்ச்சுல உட்காந்துனு இருக்காரு. வீட்ல சொல்லல சார். தினமும் வேலைக்கு வர்ற மாதிரி அதே பஸ்ல வந்து அதே பஸ்ல போறாரு.

பிரதாப்: …அது எனக்குத் தெரியாது.

முனிலட்சுமி: கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். வெங்கட் சாருக்குத் தெரியுமா, புக்குதான் தப்புன்னு?

பிரதாப்: அன்னைக்கே சொன்னேன். சத்தம் போடாம சரி பண்ணிருன்னாரு. இது வெளிய தெரிஞ்சா இந்த கம்பெனி நம்ம சாஃப்ட்வேரையே தூக்கிப் போட்டுருவாங்க, எல்லாருக்கும் வேலை போகும்னாரு. நானும் சரின்னுட்டேன். பொண்ணை இப்பதான் இங்க ஸ்கூல்ல சேத்திருக்கேன்… இது ரெண்டு வருசத்துல எனக்கு மூணாவது வேலை.

முனிலட்சுமி: அவுருக்கு ஒம்போது வருஷத்துல ஒரே வேலை.

பிரதாப்: தெரியும். சொல்லாதீங்க.

முனிலட்சுமி: சொல்லல. கடைசிப் பக்கத்தைத் திருப்புங்க. இங்க ஒரு கட்டம் போட்டிருக்கீங்களே, "திருத்த விவரம். என்ன மாற்றம், ஏன், யார், எப்போது." இது ஏன் காலியா இருக்கு?

பிரதாப்: அதைத்தான் இப்ப போன்ல சொன்னாரு. ஒண்ணும் எழுதாதேன்னு.

முனிலட்சுமி: என்னைக் குறை சொல்லத்தானே கூப்பிட்டீங்க?

பிரதாப்: ஆமா.

முனிலட்சுமி: என் குறை இது ஒண்ணுதான் சார். மத்ததெல்லாம் விடுங்க. நிறுத்தி வை இருக்கட்டும், முன்னுரை இருக்கட்டும், பதினோரு தரம் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுக்கறோம். இந்தக் கட்டத்தை மட்டும் நிரப்புங்க.

பிரதாப்: நிரப்பினா நாளைக்கு நான் அந்த பெஞ்ச்சுல உட்காந்திருப்பேன்.

முனிலட்சுமி: இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியல. ஒண்ணு மட்டும் சொல்றேன், அப்புறம் உங்க இஷ்டம். அவுரு உங்களைத் திட்டல சார்.

பிரதாப்: என்னையா?

முனிலட்சுமி: எழுதினவரை. முந்தாநாள் டீக்கடையில பாத்தேன். மொதல்ல எல்லாம் புக்குல இருந்துச்சுன்னு அடிச்சுச் சொல்லுவாரு. இப்ப கொரலு எறங்கிடுச்சு. எழுதினவரு படிச்சவரு, அவுரு தப்பா எழுதியிருப்பாரா, எனக்குத்தான் படிக்கத் தெரியாம போயிடுச்சோ என்னமோங்கறாரு. நாப்பத்தி நாலு வயசுல பத்தாவது எழுதின மனுசன் சார். படிக்கத் தெரியலையோன்னு அவுருக்கே சந்தேகம் வந்துடுச்சு. வேலை போனா வேற கம்பெனி பாப்பாரு. இது போனா…

பிரதாப்: நிறுத்துங்க. போதும்.

முனிலட்சுமி: சரி.

பிரதாப்: நான் எழுதினதை முழுசாப் படிச்ச ஒரே ஆளு அவர்தான். வெங்கட் சார் கூட முழுசாப் படிக்கல. என் வீட்டுக்காரி படிக்கல. அந்த ஒருத்தரைப் போயி…

முனிலட்சுமி: டீ ஆறிடுச்சு. இன்னொண்ணு சொல்லட்டா?

பிரதாப்: வேண்டாம். லேப்டாப்பைத் தொறக்கேன். இருங்க. …"சில சிறு திருத்தங்கள் செய்யப்பட்டன."

முனிலட்சுமி: இதைப் படிச்சா எல்லப்பனுக்கு வேலை திரும்பக் கெடைக்குமா?

பிரதாப்: கிடைக்காது. அழிச்சுட்டேன். "பக்கம் முப்பத்தொன்றில் நான்காம் படியும் ஐந்தாம் படியும் இடம் மாற்றப்பட்டன."

முனிலட்சுமி: எதுக்கு மாத்தினீங்க, அழகுக்கா?

பிரதாப்: இருங்க, வாரேன்… "முந்தைய பதிப்பில் இவை தவறான வரிசையில் இருந்தன."

முனிலட்சுமி: தானா நடந்து போய் அப்படி உட்காந்துக்கிச்சா?

பிரதாப்: விட மாட்டீங்க போல.

முனிலட்சுமி: நாலு மணி ஆகலையே சார்.

பிரதாப்: சரி. கேளுங்க. "முந்தைய பதிப்பில் இந்த இரண்டு படிகளையும் நான் தவறான வரிசையில் எழுதியிருந்தேன். லைனுக்குச் சென்று சரிபார்க்கவில்லை. பழைய கையேட்டைப் படித்து அதன்படியே பெட்டியை மூடியவர்கள் மேல் தவறு இல்லை. பிரதாப்." தேதியும் போட்டுட்டேன்.

முனிலட்சுமி: இன்னொரு தரம் படிங்க.

பிரதாப்: புரியலையா?

முனிலட்சுமி: புரிஞ்சுது. நாப்பது பக்கத்துல இது ஒண்ணுதான் ஒரே தடவையில புரிஞ்சுது. சும்மா இன்னொரு தரம் கேக்கணும் போல இருந்துச்சு.

பிரதாப்: பழைய ஃபைல் என்கிட்ட இருக்கு. அதையும் சேத்து உங்க எச்.ஆர்.க்கும், விசாரணை நடத்துற அதிகாரிக்கும் அனுப்புதேன். வெங்கட் சாருக்கும் ஒரு காப்பி. அவருக்குத் தெரியாம செஞ்சேன்னு இருக்க வேண்டாம். …அனுப்பிட்டேன்.

முனிலட்சுமி: போயிடுச்சா?

பிரதாப்: போயிருச்சு. இனி திரும்ப எடுக்க முடியாது. பதினஞ்சு நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் மூச்சு ஒழுங்கா வருது. இந்தா, வெங்கட் சார் கூப்பிடுறாரு. அடிக்கட்டும். மொதல்ல அந்த டீக்கடையைக் காட்டுங்க. எல்லப்பனை நேர்ல பாத்து, நீங்க சரியாத்தான் படிச்சீங்கன்னு என் வாயால சொல்லணும். நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணைக்கும் வாரேன்.

முனிலட்சுமி: கேட்டை விட்டு வெளியில போனதும் எடது பக்கம். நீல பெஞ்ச்சு. நாலரை வரைக்கும் இருப்பாரு.

பிரதாப்: உங்க பஸ்ஸு ஹாரன் அடிக்குது. கிளம்புங்க. ரொம்ப நன்றிங்க. யாரும் எனக்கு இப்படிக் குறை சொன்னதில்ல.

முனிலட்சுமி: போகட்டும் சார் பஸ்ஸு.

பிரதாப்: ஆறு மணி வரைக்கும் என்ன செய்வீங்க?

முனிலட்சுமி: எச்.ஆர். ரூம் நாலு மணி வரைக்கும் தொறந்திருக்கும். அங்க ஒரு வேலை இருக்கு. …சார், எங்க லைன்ல ரெண்டு மிஷினுக்கு ஒரு டேப்லெட்தான். காலையில யாரு மொதல்ல பேரு போடறாங்களோ, ஷிப்ட் முடியற வரைக்கும் அதுல அவுரு பேருதான் இருக்கும்.

பிரதாப்: ஆளுக்கு ஆள் தனியாப் போடணும்னு எழுதியிருக்கேனே.

முனிலட்சுமி: புக்குல இருக்கு. லைன்ல இல்ல. மாத்தி மாத்திப் பேரு போட நேரம் ஏது?

பிரதாப்: அன்னைக்கு எல்லப்பன் பேரு இருந்துச்சா?

முனிலட்சுமி: ஆமா.

பிரதாப்: சரி, அதுக்கு இப்ப என்ன?

முனிலட்சுமி: நான் என் வேலையைப் பாத்துனு இருக்கல சார் அன்னிக்கு. அவுரு பெட்டியை மொதல்ல மூடறதைப் பாத்தேன். சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா கையில புக்கு. விரலை வெச்சு வெச்சுப் படிச்சுனு செய்யறாரு. நாமதான் இத்தினி நாளா தப்பா செஞ்சோமோன்னு நெனச்சுட்டேன். எச்.ஆர்.ல கேட்டப்போ ஒண்ணும் பாக்கலேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன். பயம் சார், வேற ஒண்ணும் இல்ல. இன்னிக்கு இங்க வர நானா கேட்டுப் பேரு கொடுத்தது, புக்கு மேலதான் தப்புன்னு தெரிஞ்சா என் மேல ஒண்ணும் வராதுன்னு. நீங்க உங்க பேரைப் போட்டு அனுப்பினதைப் பாத்துட்டு என்னால பஸ் ஏற முடியல. அந்தக் கையெழுத்தை மாத்தி எழுதிக் கொடுத்துட்டு வரேன், அப்புறம் ரெண்டு பேரும் டீக்கடைக்குப் போலாம். ரெண்டு பெட்டிதான் சார் எல்லப்பன் மூடினது. அவுரைப் பாத்து மூணாவதை மூடினது நான்.